பிரேக் என்ற ஒரு சொல்

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்காளும் சுகம். வண்டிதான் சுகமில்லை, முன் பம்பர் கழன்று கயிற்றில் தொங்குகிறது. நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று தெரியும், ஆகவே அதை விசாரிக்கவில்லை. வீட்டில் இரண்டு போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ அதையும் பதிவு செய்து, பின்னால் பாட்டைப் போட்டு, ஊருக்குக் காட்டிவிடுவாய். காகிதத்தை யாரும் மெதுவாக ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்லி என் டிரைவிங் ஸ்கூல் வண்டியின் பின் சீட்டில் ஏறினாயே, அன்றைக்கு ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரி நர்ஸ் பெண். நன்றாகத்தான் ஓட்டினாள். சாலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி காற்றில் உருண்டு வந்தது. காலி அட்டைப்பெட்டி என்று பின்னால் உட்கார்ந்திருந்த உனக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறதோ யார் இருக்கிறார்களோ என்று எனக்குப் பகீரென்றது. கத்தினேன். "பிரேக், பிரேக்கும்மா, அய்யோ அம்மா" என்றேன். அவள் பிரேக்கை மிதித்தாள், வண்டி நின்றது, பெட்டி தன் பாட்டுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. அதை நீ போனில் எடுத்து, அந்த 'அய்யோ அம்மா'வை மட்டும் நாலு தரம் திருப்பிப் போட்டு, முன் கண்ணாடியில் என் கண் இரண்டும் பிதுங்கித் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஊர் உலகத்துக்கு அனுப்பிவிட்டாய். என் குரல் கீச்சென்று போனதற்குக் காரணம் அன்றைக்கு எனக்கிருந்த தொண்டைக்கட்டு. இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன், நம்புவார் இல்லை.

சிரித்தார்கள், சரி. நானும் இரண்டாம் தரம் பார்க்கும்போது கொஞ்சம் சிரித்தேன் என்று உன் அக்காள் சொல்லியிருப்பாள், அது உண்மைதான். ஆனால் மறுநாள் காலை என்ன ஆயிற்று தெரியுமா? ஜவுளிக்கடை முதலாளி, பாவம், தொப்பையை ஸ்டியரிங்குக்குள் திணித்துக்கொண்டு பழக வருகிறவர், எதிரே பள்ளிக்கூட வேன் வருகிறது, நான் "பிரேக்" என்றேன். மனுஷன் பிரேக்கை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இன்னொரு தரம் சொல்லுங்க சார், அந்த அம்மாவையும் சேத்துச் சொல்லுங்க" என்கிறார். என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உயிரோடு இருக்கிறேன். ஆனால் எத்தனை நாளைக்கு நான் மிதித்துக்கொண்டிருப்பது? பழக வேண்டியது அவர்கள் கால். இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த ஒரு சொல்தான் மச்சான். வக்கீலுக்கு ஆயிரம் சொல் இருக்கிறது, வாத்தியாருக்குப் பத்தாயிரம் இருக்கிறது, எனக்கு இருந்தது இது ஒன்று. அதை நீ எடுத்துக் கேலிப்பொருளாக்கிவிட்டாய், இப்போது நான் அதைச் சொன்னால் யாரும் நிற்பதில்லை, சிரித்துக்கொண்டே போய் மோதுகிறார்கள்.

சொல்லை மாற்றிப் பார்த்தேன். "நிறுத்து" என்றேன், எதற்காக மாற்றினேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அதற்கும் சிரித்தார்கள். விசில் வாங்கினேன், ஊதினால் பக்கத்து வண்டிக்காரர்கள் ஓரங்கட்டி லைசென்ஸை எடுத்து நீட்டுகிறார்கள். கடைசியில், ஆளுக்கு ஒரு சொல் ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணி ஜவுளிக்கடை முதலாளிக்குத் 'தலையணை' என்று கொடுத்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லையே என்பது என் எண்ணம். மூன்று தெரு ஒழுங்காகத்தான் போனோம். நாலாவது தெருவில் முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது, நான் உயிரே போகிற மாதிரி "தலையணை, தலையணை" என்று கத்துகிறேன், அவர் ஆற அமர என் பக்கம் திரும்பி, "எங்க சார்?" என்கிறார். கத்துகிற மும்முரத்தில் என் காலடி பிரேக்கை நானே மறந்துவிட்டேன், பம்பர் கழன்றது அப்போதுதான். முன் வண்டிக்காரர் இறங்கி வந்து, எதற்கு சார் தலையணை விற்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்புறம்தான் போலீஸில் புகார் கொடுக்கப் போனேன். உன் மேல் இல்லை, பயப்படாதே, உன் அக்காள் விடுவாளா? பொதுவாக, வீடியோ மேல். அங்கே எழுதுகிறவர் மரியாதையான மனுஷன், நாற்காலி போட்டார். வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றார், பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்று சத்தம் கூட்டிப் பார்த்தார். மற்ற மேஜைக்காரர்களும் விசாரணைக்கு உதவியாக வந்து பின்னால் நின்று பார்த்தார்கள். பிறகு முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வீடியோல இருக்கறது நீங்கதான்னு எப்படி சார் நம்பறது? ஒரு தரம் சொல்லிக் காட்டுங்க, குரல் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றார். சட்டம் கேட்கிறது, மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எழுந்து நின்று சொன்னேன். 'அய்யோ அம்மா'வும் வேண்டும் என்றார்கள், அதையும் சொன்னேன். புகாரைப் பதிவு பண்ணுவார்கள் என்று பார்த்தால் என்னைப் பதிவு பண்ணியிருக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் இரண்டாம் பாகம் ஊருக்குள் வந்துவிட்டது. அதற்கு முதல் பாகத்தைவிட வரவேற்பு அதிகம் என்று உன் அக்காள் சொல்கிறாள். எங்கள் கட்டிடத்துக் காவலாளி இப்போது எனக்கு சலாம் வைக்கும்போது பேர் சொல்வதில்லை, 'பிரேக் சார்' என்கிறான். வீட்டில் பால் பொங்கினால் உன் அக்காள் அடுப்பைப் பார்த்து என் குரலில் கத்துகிறாள். கேட்டால், "என் தம்பி போட்டதுதானே, இதுல என்ன இருக்கு" என்கிறாள்.

இத்தோடு போயிருந்தால் நான் காகிதம் எடுத்திருக்க மாட்டேன். என் மூஞ்சி, என் தொண்டை, போகட்டும். அந்த நர்ஸ் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் பார்த்தேன், காணோம். லைசென்ஸ் பரீட்சைக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது, ஆஸ்பத்திரி வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் காட்டவில்லை என்றால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் மேஜையில் இருந்த போன் அடித்தது, எடுத்தாள். எனக்கே கேட்டது. யாரோ "பிரேக்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். அவள் போனை வைத்துவிட்டு ஒரு நோயாளியின் ஜுரத்தைக் குறித்துக்கொண்டாள். மறுபடியும் அடித்தது. இந்தத் தரம் வேறு ஒருவன், அவன் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன், உனக்கு அக்காள் இருக்கிறாள். வீடியோவுக்குக் கீழே அவளைப் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீ படித்தாயோ? நான் படித்தேன். என்னைக் கழுதை என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள், அவளை அதோடு விடவில்லை. பெண்ணுக்கெல்லாம் எதற்கு ஸ்டியரிங் என்று ஆரம்பித்து, அவள் வேலை பார்க்கும் இடம், போன் நம்பர், வீட்டுக்குப் போகும் பஸ் வரைக்கும் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

"பழகிடுச்சு சார்" என்றாள். பழகின குரல் இல்லை அது. "வேற சொல் வெச்சுக்கலாம்மா, உனக்குப் பிடிச்ச சொல்லா ஒண்ணு சொல்லு" என்றேன். தலையணை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். "எதுக்கு சார் மாத்தணும்? அவங்க சிரிக்கறாங்கன்னா அது அவங்க பாடு. நீங்க பிரேக்குன்னு சொல்லுங்க, நான் போடறேன்" என்றாள். மறுநாள் காலை வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் பண்ணி, வீடியோவை எடுத்துவிடு தம்பி என்று தன்மையாகக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "மாமா, கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு. ஜனங்க சிரிக்கறதை நீங்களும் நானும் தடுக்க முடியாது" என்றாய். எனக்குக் கோபம் வந்து வைத்துவிட்டேன், அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன் கேள். ஹாரன் எல்லா வண்டியிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், நான் கத்துக்கொடுக்கும் முதல் பாடமே அது. ஆனால் ஒருத்தி வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் தூங்கும்போதும் அடித்து, வேலைக்குப் போகும்போதும் கூடவே அடித்து, ஊரில் உள்ள அத்தனை வண்டியையும் கூப்பிட்டு அவள் காதுக்கு நேராக அடிக்கச் சொன்னால், அதற்குப் பேர் ஹாரன் சுதந்திரமா? என் வண்டி, என் ஹாரன் என்பாயா? நீ பேசினதால் இரண்டு பேர் வாயடைத்துப் போயிருக்கிறோம் மச்சான். எனக்கு இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது, அவள் போனை எடுத்து 'ஹலோ' சொல்லப் பயப்படுகிறாள். அப்புறம் எங்கள் சுதந்திரத்தை நாங்கள் யாரிடம் போய் வாங்குவது?

நேற்றுதான் பரீட்சை. பரீட்சை எடுக்கும் அதிகாரி அவளுக்குப் பக்கத்து சீட்டில், நான் பின் சீட்டில், நீ உட்கார்ந்த அதே இடம். என்னைப் பார்த்ததுமே அவர் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. "பிரேக் சாரா? பரீட்சை முடியற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் அந்தப் பொண்ணு ஃபெயில்" என்றார். தலையாட்டினேன். வண்டி கிளம்பிற்று. அழகாகத் திருப்பினாள், அழகாகக் கியர் மாற்றினாள், எனக்கே பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் முடியும் இடத்தில் ஒரு சந்து இருக்கிறது பார், அதிலிருந்து ஒரு தண்ணீர் லாரியின் மூக்கு வெளியே வருகிறது. அவள் பக்கம் சுவர் மறைக்கிறது, அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. என் காலடியில் பிரேக் இல்லை, என் வாயில் பேச்சு இல்லை, கைக்குட்டையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசினால் அவள் ஃபெயில், பேசாவிட்டால் எல்லோரும் காலி. இந்த நேரம் பார்த்து அதிகாரிக்கு ஆசையை அடக்க முடியவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முழுசாக என் பக்கம் திரும்பி, என் மூஞ்சிக்கு நேராக, கீச்சுக் குரலில், "பிரேக், பிரேக்கும்மா, அய்யோ அம்மா" என்றார்.

ஊரே சிரித்த சொல் அது. அவள் சிரிக்கவில்லை. மிதித்தாள். வண்டி அப்படியே குத்திட்டு நின்றது, லாரி எங்கள் பானெட்டை முத்தமிடாத குறையாகக் கடந்து போயிற்று, என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அதிகாரி முதுகால் டேஷ்போர்டில் போய் இடித்து, அந்த வேகத்தில் திரும்பி வந்து தன் சீட்டின் தலைக்கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார். அவர் லாரி போன திசையைப் பார்த்தார், நெற்றியைத் தடவிக்கொண்டார், "ஏம்மா நிறுத்தினே?" என்று கேட்டார். "நீங்க பிரேக்னு சொன்னீங்க சார். போட்டேன்" என்றாள். ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன், அதோடேயே அழுதேன்.

ஆகையால், தம்பி, இந்தக் கடிதம் கண்டவுடன் அந்த வீடியோவை எடுத்துவிடவும். எடுக்கிறவரைக்கும் என் வீட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம். உன் அக்காளுக்குப் பார்க்க வேண்டும் போல் இருந்தால் அவள் உன்னிடம் வரட்டும், நான் வண்டியில் கொண்டுவந்து தெருமுனையில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அடுத்தவரைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரிக்கும் புத்தி எனக்கு எந்த நாளும் வராது, உனக்கும் அது போகட்டும். தொழில் நல்லபடி நடந்து, நீ சகல சௌக்கியத்தோடும், என் வீட்டிலிருந்து நல்ல தூரத்திலும் இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்காள் புருஷன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கும்போது உன் அக்காள் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். நேற்றைய பரீட்சையை யாரோ சாலையோரத்தில் நின்று எடுத்திருக்கிறான். கண்ணாடி இறக்கியிருந்ததால் அதிகாரியின் கீச்சுக் குரல் துல்லியமாகக் கேட்கிறது, பிறகு ஒரு டங்கென்ற சத்தம், பிறகு அவர் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிய நெற்றியோடு இறங்கி வருகிறார். பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள். மச்சான், எனக்கு மூச்சுத் திணறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் குழுவுக்கு அனுப்பினேன், எங்கள் கட்டிடத்துக் குழுவுக்கு அனுப்பினேன், ஜவுளிக்கடை முதலாளிக்கு அனுப்பினேன், அவர் தன் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் பெண் கூப்பிட்டாள். "சார், இதை அனுப்பினது நீங்களா? பரீட்சை எடுத்த ஆபீசர் இங்கதான் உக்காந்திருக்கார், நான்தான் கட்டுப் போடறேன். அவர் போன் அடிச்சிட்டே இருக்கு சார், எடுத்தா எல்லாரும் அய்யோ அம்மான்னு கத்தறாங்க" என்றாள். நான், "கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கேம்மா, ஜனங்க சிரிக்கறதை நாம எப்படித் தடுக்கறது" என்றேன். அவள் மெதுவாக, "பிரேக், சார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே எழுதினதை எல்லாம் விட்டுவிட்டு, இதைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி நேரே வீட்டுக்கு வா. அனுப்பினதை எப்படி அழிப்பது என்று எனக்கும் தெரியவில்லை, உன் அக்காளுக்கும் தெரியவில்லை.