தாளத்தாரின் வலது கை

கனடாவின் ஸ்காபரோ முழுவதிலும் சும்மா இருக்கத் தெரியாத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தாளத்தாரின் வலது கை. தொண்ணூறுகளில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மெண்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். வோஷிங் மெஷின் சுழன்றால் தொடையில் தாளம் போடுவார். பல் டொக்டர் பல்லைக் குடைந்தாலும் போடுவார். ஒரு செத்தவீட்டில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயரையே, "கொஞ்சம் பிந்துது ஐயா, எட்டிப் பிடியுங்கோ" என்று திருத்தியவர்.

அந்த நாளில் என் மகள் துசிக்குப் பள்ளிக்கூட ஓர்கெஸ்ட்ராவில் சிம்பல் என்ற பித்தளைத் தட்டுச் சோடி கிடைத்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில் யாரோ ஒரு பிரிட்டிஷ்காரர் ஜாஸில் மயங்கி எழுதிய உருப்படி. பியானோ நொண்டியடிக்கும், ட்ரம்பெட் குறுக்கே பாயும். துசி நெடுநேரம் சும்மா நின்று, ஓரிடத்தில் ஒரேயொரு அடி அடிக்க வேண்டும்.

"ஒரு அடிக்கோ மூண்டு மாதப் பயிற்சி?" என்று கேட்டேன். பிள்ளை முறைத்தாள்.

வீட்டில் அந்த உருப்படியின் கசெட்டைப் போட்டுவிட்டு இரண்டு சட்டி மூடிகளோடு நிற்பாள். பக்கத்தில் புட்டுக் கோப்பையை மறந்துவிட்டு, தாளத்தார் வலது கையைத் தூக்கித் தூக்கி மேசையில் தட்டுவார். "வெள்ளைக்காரன் விண்ணன், கெட்டிக்காரன், தம்பி. முறிச்சு முறிச்சுப் போறான், ஆனால் விழேல்லை."

வீட்டில் துசி ஒருநாளும் பிழை விடவில்லை. பள்ளிக்கூட ஒத்திகையில் ஒருநாளும் சரிவரவில்லை. "எல்லாருக்கும் முன்னால பிழைச்சனெண்டால் நான் இனி ஸ்கூலுக்கே போகமாட்டன், அப்பா" என்று அழுதாள்.

கச்சேரியன்று எனக்கும் தாளத்தாருக்கும் முன்வரிசையில் இடம் கிடைத்தது. "அண்ணை, இஞ்ச ஒருதரும் தாளம் போடமாட்டினம்" என்று எச்சரித்தேன்.

"ஓம் தம்பி, எனக்குத் தெரியாதே?" என்று இரண்டு கைகளையும் கோட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

உருப்படி தொடங்கியது. பொக்கற் ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வலது கை வெளியே வந்து தொடையில் பளார் பளார் என்று விழுந்தது. பக்கத்து வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பி என்னைத்தான் முறைத்தார். மானம் போகிறதே என்று தாளத்தாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

பிறகுதான் மேடையைப் பார்த்தேன். துசி சிம்பல்களைத் தூக்கிப் பிடித்தபடி, கோல் பிடித்த ஆசிரியரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தாள். வீட்டில் அவள் ஒருநாளும் எண்ணியதில்லை, அந்தக் கை உயர்ந்து விழுவதைப் பார்த்தே அடித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. பிள்ளைக்கு அழுகை முட்டிவிட்டது.

பிடியை விட்டேன். கை உயர்ந்தது. அது தொடையில் விழவும் சிம்பல் அதிரவும் சரியாக இருந்தது.

உருப்படி முடியும் முன்பே, அத்தனை பேருக்கு நடுவில் எழும்பி "சபாஷ்" என்று கத்தியவன் நான்தான்.

வெளியே வந்ததும் தாளத்தார் தலை குனிந்தபடி கேட்டார். "தம்பி, உங்களை வெக்கப்படுத்திப் போட்டனோ?" கை மறுபடி பொக்கற்றுக்குள் இருந்தது.

"அந்தக் கையை ஒருக்கா வெளியில எடுங்கோ, அண்ணை" என்றேன்.

எடுத்தார். அதை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பஸ் வரும்வரை விடாமல் நின்றேன்.