டெஸ்டரக்கா ரிஜெக்ட் செய்த நைட்டி

சாமியே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், "ஒரு சொட்டு இங்க ஊத்துங்க, பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்று சொல்லக்கூடிய ஒரே பிறவி எங்கள் டெஸ்டரக்காதான். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் நான் கிளார்க், அவர் பாலைச் சோதிப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

பால்மானி எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் அதைப் பாயசத்துக்குள் விட்டு, "பாதி தண்ணிங்க" என்று சத்தமாக அறிவித்து, இரண்டு சம்பந்திகளையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டார். சொசைட்டிக்குப் பாலைச் சோதிக்கும் புது மெஷின் வந்தபோது முதல் ஒரு மாதம் மெஷினைத்தான் சோதித்தார். "பரவால்லீங்க, பொய் சொல்றதில்ல" என்று அவர் சான்றிதழ் கொடுத்த பிறகே அதற்கு மரியாதை வந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. தீட்டு நிற்கும் பருவம். படுத்த ஒரு மணி நேரத்தில் உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைப்பார்கள். கழுத்து, முதுகு, தலையணை எல்லாம் நனையும். அடுத்த நிமிடமே குளிரெடுக்கும். ஹெல்த் சென்டர் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வயசுதான் என்றார். வயசுதான் என்று தெரிந்துவிட்டால் தூக்கம் வந்துவிடுமா?

போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் கல்யாண நாளுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு சாட்டின் நைட்டி வாங்கி வந்திருந்தார். மயில் கழுத்து நிறம், கழுத்தைச் சுற்றி லேஸ். இருபத்தாறு வருடத்தில் அவராகத் தேர்ந்தெடுத்து வாங்கிய முதல் துணி. அதைப் போட்டுக்கொண்டு, பாலிதீன் பையில் கட்டிவைத்த கொத்தமல்லி மாதிரி விடிய விடிய வேர்த்தேன். மனுஷன் முகம் வாடிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

தூங்காத கண்ணோடு ஒருநாள் சாம்பிள் நம்பரை மாற்றி ஒட்டிவிட்டேன். யாரோ ஒரு அம்மாவின் நல்ல பால் திரும்பிப் போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று பிரசிடெண்ட் சொல்லிவிட்டார். பின்னறையில் போய் அழுதுகொண்டிருந்தேன். டெஸ்டரக்கா உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, லேஸ் உரசிச் சிவந்திருந்த கழுத்தைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, ராத்திரி வேர்த்து ஊத்துதா?"

"ஆமாங்க்கா. யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"நாளைக்கு ஊட்டுல இருக்கற நைட்டி பூராத்தையும் கொண்டாங்க. டெஸ்ட் பண்ணீரலாம்."

மறுநாள் பால் வண்டி போனதும் ஏழு நைட்டிகளை மேஜையில் விரித்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்கும்வரை எண்ணினார். துணியை வாயில் வைத்து ஊதி, மறுபக்கம் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் நனைத்துப் பிழிந்து ஃபேனுக்கு நேரே கம்பியில் தொங்கவிட்டார். கெட்டிப் பருத்தி ஒன்றை நான் மலைபோல நம்பியிருந்தேன். "இது நல்லா குடிக்குது, ஆனா காய மாட்டேங்குது. ஈரத்தோடயே கிடக்கோணும்" என்று தள்ளிவிட்டார். சாட்டின்மேல் விட்ட சொட்டு, நூறு எண்ணியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

காலையில் எங்கள் மாட்டுப் பாலை ஊற்றிவிட்டு மறந்துபோன கேனை எடுக்க அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்தார். கம்பியில் மயில் கழுத்து நைட்டி. அதன் லேஸில் ஒரு சாம்பிள் சீட்டு. சீட்டில் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்'. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"இது நான் வாங்குனதாச்சே" என்றார்.

டெஸ்டரக்கா திரும்பக்கூட இல்லை. "ஏந் தம்பி, உங்க கட்டுத்தரையில மாட்டுக்கு எத்தன ஃபேனு?"

"ரெண்டுங்க்கா."

"எதுக்குங்க?"

"சீமை மாடுங்க, சூடு தாங்காது. சாக்கை நனைச்சு மேல போட்டு விடறனுங்க. பாவம், வாயில்லாத சீவன்."

"உங்க ஊட்டம்மாவுக்கு வாய் இருக்குது, சொல்லத்தான் மாட்டேங்கறாங்க. ராத்திரிக்கு நாலு தடவ நனைஞ்சு எந்திரிக்கறாங்க. நீங்க பளபளன்னு ஒரு தார்ப்பாயை வாங்கிப் போத்தி உட்டுருக்கறீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றார். எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன தன் கைத்தறி வேட்டிகள் இரண்டை அவரே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அக்கா "ஒண்ணு" என்று சொல்வதற்குள் துணி சொட்டைக் குடித்துவிட்டது. தொங்கவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்தும்விட்டது. "பாஸ்" என்றார். லேஸ் இல்லாமல், முன்பக்கம் பட்டன் வைத்து, அக்குளில் தாராளமாக விட்டுத் தொளதொளவென்று இரண்டு தைத்துக்கொண்டேன். ஒன்று உடம்பில், நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒன்று தலைமாட்டில். வேர்வை என்னவோ நிற்கவில்லை, ஆனால் நான் தூங்கினேன். சாம்பிள் நம்பரும் அதன்பிறகு மாறவில்லை.

விஷயம் பரவிவிட்டது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் ஊற்ற வரும் பெண்கள், கையில் இன்னொரு நைட்டியையும் சுருட்டிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். "இதெல்லாம் எங்கக்கா படிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிக்கறது எங்கீங்க? தனிக்கட்டை நானு, யாரைப் போய்க் கேக்கறது? எனக்கு இப்படி வேர்த்தப்ப எம்மேலயே போட்டுப் போட்டுப் பாத்தேன். தோதானதக் கண்டுபிடிக்க நாலு வருசம் ஆச்சுங்க அம்மிணி."

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். பிரசிடெண்ட் போர்த்திய பொன்னாடையை மேடையிலேயே ஊதிப் பார்த்து, "காத்தே போகல" என்றார். நான் ஒரு புது வேட்டி வாங்கி, மூன்று மாதம் துவைத்துத் துவைத்துப் பழசாக்கி, அவர் அளவுக்கு நைட்டி தைத்து வைத்திருந்தேன். அதோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் நீட்டினேன். தண்ணீரைக் குடித்துவிட்டார். நைட்டியை மடிப்புக்கூடப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

"டெஸ்ட் பண்ணலீங்களாக்கா?"

"நீங்க குடுத்ததுக்கு என்னத்தைங்க டெஸ்டு?"

அந்த நாலு வருடமும் நான் அவருக்குப் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். ஒருநாளாவது அவர் கழுத்தை நான் பார்த்திருக்கலாம்.