ஜகபர் அலியின் கரியில்லா அடுப்பு

பூமியின் சூடு குறையத் தொடங்கிய இடம் எதுவென்று நாளை யாராவது ஆராய்ந்தால், விரல் நேராகச் செஞ்சி–சிங்கவரம் சாலையில் ஜகபர் அலியின் பிரியாணிக் கடையில் வந்து நிற்கும். இப்படியொரு பெருமை வரப்போவது தெரியாமல் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

பெருமையைக் கொண்டுவந்தவர் ஆனந்தராஜ். 'குறைகரி ஹைட்ரஜன் சந்தை மேம்பாட்டுப் பேரவை'யின் 'தேவை உருவாக்க அலுவலர்'. வல்லத்தில் பசுமை ஹைட்ரஜன் ஆலை வருகிறது என்றார். வெயில் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரிலிருந்து பிரிக்கிற வாயு. எரித்தால் புகையே கிடையாது.

"அப்போ ஆலையைக் கட்டிட வேண்டியதுதானே சார்?"

"எப்படி பாய் கட்டறது? வாங்க ஆள் இருந்தாத்தான் பேங்க்ல கடன் தருவாங்க. கடன் வந்தாத்தான் ஆலை. ஆலை வந்தாத்தான் விலை குறையும். விலை குறைஞ்சாத்தான் வாங்க ஆள் வரும்."

"இதுல நான் எங்க வரேன்?"

"நீங்கதான் பாய் ஆரம்பம்."

ஐம்பது வயதுவரை தன்னை யாரும் ஆரம்பம் என்று சொன்னதில்லை. ஜகபர் அலி பத்தாண்டுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பரிசாகப் பளபளவென்று ஒரு எவர்சில்வர் அடுப்பு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பழைய விறகடுப்பு மூன்றையும் இடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 'அடிப்படை நிலை' தூய்மையாக இருந்தால்தான் தரநிலைக் குழு ஒத்துக்கொள்ளுமாம்.

மனைவி மெஹபூப் பீ இடுப்பில் கைவைத்து நின்றாள். "அடுப்ப இடிச்சிட்டு வெள்ளிக்கிழம இன்னாத்துல தம் போடுவீங்க? மூடி மேல கங்கு கொட்டணுமே, இந்த காஸுல கங்கு விழுமா?"

தரநிலைப் புத்தகத்தில் கங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுப்புகள் இடிந்தன. ஹைட்ரஜன் சிலிண்டர் தொடக்க விழாவன்றுதான் வரும் என்றார்கள்; மூன்று வெள்ளிக்கிழமை கடை திறக்கவில்லை. தொழுகை முடிந்து வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். இன்னொரு வாரம் போனால் கடையையே மறந்துவிட வேண்டியதுதான். ஜகபர் அலிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலும் கரி வெளியேற்றம் துளியும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நான்காவது வெள்ளியன்று தொடக்க விழா. பேரவை உறுப்பினர்கள் ஏழு பேர் வந்தார்கள். ஆலைக்குத் தரச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாகத் தலைவர் அறிவித்தார். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இரண்டு கிலோ கரியமில வாயுவரை அனுமதி உண்டு. நம் ஆலையோ இந்நாள்வரை ஒரு கிராம்கூட வெளியிடவில்லை! கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

ஆனந்தராஜ் அடுப்பைத் திருகினார். ஒன்றும் தெரியவில்லை.

"ஹைட்ரஜன் நெருப்பு பகல்ல கண்ணுக்குத் தெரியாது" என்று விளக்கினார்.

எல்லோரும் அந்தத் தெரியாத நெருப்பைப் பார்த்து வியந்தார்கள். ஒருவர் சூடு தாங்காமல் இரண்டடி பின்வாங்கினார். ஜகபர் அலியும் நம்பித் தேக்சாவில் உலை வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து விரலை விட்டால், தண்ணீர் ஊற்றியபோது இருந்த மாதிரியே ஜில்லென்று இருந்தது.

ஆனந்தராஜை ஓரமாக இழுத்தார். "சார், சிலிண்டர்ல இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல பாய். ஆலைக்கு இன்னும் பள்ளமே தோண்டல."

"அப்போ சர்ட்டிபிகேட்டு?"

"ஓடாத ஆலையில புகை எப்படி வரும்? அதான் உடனே குடுத்துட்டாங்க."

இதற்குள் உறுப்பினர்களுக்குப் பசி வந்துவிட்டது. மெஹபூப் பீ யாரையும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்தாள்; சவுக்கு விறகை அடுக்கி, மல்லாட்டைக் கடலைத் தோலை அள்ளிப் போட்டுப் பற்ற வைத்தாள். தேக்சா ஏறியது. மூடிமேல் கங்கும் ஏறியது. எதிர்க் கடைக்குப் போக இருந்தவர்களை வாசம் வழியிலேயே மடக்கிக் கூட்டிவந்தது. ஜகபர் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால் என்று சொல்லிக்கொண்டார்.

"ஹைட்ரஜன் பிரியாணின்னா ருசியே தனிதான்" என்றார் தலைவர், எலும்பைக் கடித்தபடி.

மறுவாரம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்ததாரர் ஹைட்ரஜனைக் கொள்முதல் செய்யத் தவறியதால் செஞ்சிப் பகுதியில் சந்தை வளர்ச்சி முடங்கியுள்ளது. மேலும், விழா நாளன்று அவரது வளாகத்தில் விறகுப் புகை வெளியேறியது நேரில் கண்டறியப்பட்டுள்ளது. மூன்று கற்களையும் ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும்.

"நேர்ல யாரு பாத்தாங்களாம்?" என்றாள் மெஹபூப் பீ.

ஜகபர் அலி அடியிலிருந்த ஏழு கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழு பேரும் அன்று இரண்டாவது தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்.