கோட்டுக்குள் பன்னிரண்டு பேட்டரி

"சார், கோட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றார் வேன் டிரைவர்.

ஸ்டோர்காரர் குனிந்து பார்த்தார். உள்ளே இருக்க வேண்டிய தையலும் லைனிங்கும் வெளியே இருந்தன. உள்பாக்கெட்டுகள் இரண்டும் வெளியே வந்து பல்லை இளித்துக்கொண்டிருந்தன. அவருக்குப் பகீரென்றது.

கோட்டைத் திருப்பிப் போட்டால் குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். மற்றவர்கள் போட்டால் முழுகாது. இவர் போட்டால் முழுகும். ஏனென்றால் அந்தப் பாக்கெட்டுகளில் இருந்தது நான்கு பெண்களின் கேமரா பேட்டரி. மொத்தம் பன்னிரண்டு.

பாலைவனம் என்றால் வெயில் கொளுத்தும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். குளிர்காலத்தில் அங்கே விடியற்காலை காது மடல் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குளிரில் பேட்டரியை வெளியே வைத்தால் பத்து படத்துக்குள் படுத்துவிடும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த உடம்புதான் இவர்.

முதலில் அவர் வருவதாகவே இல்லை. "நாலு பொம்பளைங்க பள்ளத்தாக்கைப் படம் பிடிக்கப் போறீங்க. நடுவுல நான் வந்து என்ன பண்றது? குடை பிடிக்கிறதா?" என்று நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். ரிடையர் ஆன நாளிலிருந்து எதையும் அவர் நாற்காலியில் இருந்தபடியேதான் கேட்டார்.

அப்போதுதான் அவர் மனைவி பேட்டரி விஷயத்தைச் சொன்னாள். "எங்க நாலு பேருக்கும் கையும் காலும் ஐஸ் மாதிரி இருக்கும். உங்க உடம்புதான் அடுப்பு மாதிரி. பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? அதோட, எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க உங்களை விட்டா யார் இருக்கா?"

முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அன்று மதியமே கடைக்குப் போய் நீள நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, 'கொடுத்தது', 'திரும்பி வந்தது', 'கையெழுத்து' என்று எழுதிவிட்டார்.

நான்கு பேரும் ஒரே மாதிரி கேமரா வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மாட்டு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பெண், இவர் மனைவி. மற்ற மூன்று பேருக்கும் அவர் 'ஸ்டோர் அண்ணா'. சார்ஜ் ஏறிய பேட்டரி இடது உள்பாக்கெட், தீர்ந்தது வலது உள்பாக்கெட். யார் கேட்டாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். அவர்களும் வாங்கியதும் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பயபக்தியோடு மாட்டுவார்கள். சாயங்காலம் பன்னிரண்டையும் கடைக்காரப் பெண்ணின் அறையில் சார்ஜுக்கு ஒப்படைப்பார். காலையில் எண்ணி வாங்குவார். மூன்று நாள் கடிகாரம் மாதிரி நடந்தது.

நான்காம் நாள்தான் கெட்டது. வழியில் ஒரு மேட்டில் நிறுத்தி, இருட்டு கலையாத வானத்தைப் படம் எடுத்தார்கள். நான்கு பேட்டரி கொடுத்தார். திரும்ப வண்டியில் ஏறியதும் ஹீட்டர் சூட்டில் கோட்டைக் கழற்றினார். இங்கே வந்து இறங்கும்போது இருட்டில் அவசரமாக மாட்டினார். தீர்ந்துபோன நான்கையும் பெண்கள் அவர் கையில் திணித்ததும், வலது பக்கம் தட்டுப்பட்ட பாக்கெட்டில் போட்டார். 'அட, இன்னைக்கு பாக்கெட் எவ்வளவு வசதியா வெளியிலேயே இருக்கு!' என்று சந்தோஷம் வேறு.

திருப்பிப் போட்ட கோட்டில் வலது பக்கம் இருப்பது இடது பாக்கெட். நல்ல எட்டோடு தீர்ந்த நான்கும் சேர்ந்துவிட்டது. போதாததற்குப் பன்னிரண்டும் அரை மணி நேரமாகப் பனிக்காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

"சூரியன் வர எவ்வளவு நேரம் இருக்கு?" என்று டிரைவரைக் கேட்டார்.

"முக்கால் மணி நேரம் இருக்கும் சார். ஏன், முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

வெளுக்காமல் என்ன செய்யும்? கீழே, இரண்டு செம்பாறைச் சுவருக்கு நடுவே ஒரு பிளவு. வருஷத்தில் இந்தச் சில நாட்கள் மட்டும் காலைச் சூரியன் சாய்ந்து வந்து அதற்குள் பத்து நிமிஷம் எட்டிப் பார்க்கும். அந்தப் படத்தை எங்கிருந்தோ வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் பதினோரு வருஷம் ஒட்டி வைத்திருந்தாள் அவர் மனைவி. பிள்ளைகளின் பரீட்சை, இவருடைய ஆபரேஷன், வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று ஒவ்வொரு குளிர்காலமும் தள்ளித் தள்ளி இப்போதுதான் வந்திருக்கிறாள். நாளைக்கு ஊர் திரும்ப வேண்டும். இன்றைக்குத் தவறினால் தவறியதுதான்.

முப்பத்திரண்டு வருஷம் அவருக்கு ஆறு மணி ஷிஃப்ட். முப்பத்திரண்டு வருஷமும் அவள் நாலரைக்கு எழுந்தாள். ஒரு நாளாவது காலி டிபன் பாக்ஸோடு அவர் படி இறங்கியதில்லை. அதற்கு அவர் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. சொல்லத் தெரியவில்லை. பேட்டரியையாவது ஒழுங்காகக் காப்பாற்றிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அதுவும் இப்படி ஆகிவிட்டது.

"ஒண்ணும் பதற வேண்டாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பதறிப் பதறிக் கோட்டைக் கழற்றினார். கோட்டு தலைகீழாகத் தொங்கியது. பன்னிரண்டு பேட்டரியும் பொலபொலவென்று பாறைமேல் கொட்டின.

டிரைவரும் அவரும் டார்ச் அடித்துக்கொண்டு தவழ்ந்தார்கள். பதினொன்று கிடைத்தது. பன்னிரண்டாவது டிரைவரின் ஷூவுக்கு அடியில் இருந்தது.

"போகட்டும். ஒவ்வொண்ணுலயும் நான் நம்பர் ஒட்டியிருக்கேன். நோட்டைப் பார்த்தா எது நல்லது, எது தீர்ந்ததுன்னு தெரிஞ்சுடும். சும்மாவா ஸ்டோர்ல குப்பை கொட்டினேன்?"

டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் நம்பர் இல்லை. கோட்டுப் பாக்கெட்டுகளை வெளியே இழுத்தால், மூன்று நாள் வேர்வையில் ஊறி ஒன்று முதல் பன்னிரண்டு வரை அவற்றின் உள்துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வரிசையா இல்லாட்டியும் எல்லா நம்பரும் இருக்கு சார்" என்றார் டிரைவர் ஆறுதலாக.

சரி, எது நல்லது எது தீர்ந்தது என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் எல்லாவற்றையும் சூடாக்குவோம் என்று பன்னிரண்டையும் அள்ளிப் பனியனுக்குள் போட்டார். வயிற்றில் பட்டதும் அவரை அறியாமல் ஒரு அலறல் வந்தது.

"அண்ணா! என்ன ஆச்சு?" என்று கீழேயிருந்து நர்ஸ் கத்தினாள்.

"ஒண்ணுமில்லம்மா! கொட்டாவி!"

உடம்பில் சூடு ஏற்ற வேனைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். முதல் சுற்றில் மூச்சு வாங்கியது. இரண்டாவது சுற்றில் பனியன் பேன்ட்டிலிருந்து வெளியே வந்தது. மூன்றாவது சுற்றில் பேட்டரிகள் ஒவ்வொன்றாகப் பேன்ட்டுக்குள் பிரயாணம் கிளம்பின. இரண்டு முழங்காலில் நின்றன. ஒன்று சாக்ஸ் வரைக்கும் போய்விட்டது. டாக்டரம்மா தொலைவிலிருந்து அந்த நடையைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு இப்படி இருந்தா நான் ஊசி போட்டிருப்பேன்" என்று நர்ஸிடம் சொன்னாள்.

ஒருவழியாக எல்லாவற்றையும் மீட்டார். சூடு ஏறியிருந்தது, வாஸ்தவம்தான். கூடவே வேர்வையில் நனைந்தும் இருந்தன.

"ஈரம் ஆகாதே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"டாஷ்போர்டுல வைங்க சார். சூட்டுக்காத்து விடறேன். அஞ்சு நிமிஷத்துல அப்பளமா காஞ்சுடும்."

நல்ல யோசனைதான். கண்ணாடிக்கு அடியில் வரிசையாக அடுக்கினார்கள். சூட்டுக்காற்று வரும் இடுக்கில் இரண்டு பேட்டரி சறுக்கி உள்ளே விழும்வரை அது நல்ல யோசனையாகவே இருந்தது.

"விடுங்க சார், இதோ எடுத்துடலாம்" என்று டிரைவர் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே புகுந்தார். எதையோ கழற்றினார். எதையோ இழுத்தார். வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

நிற்கவில்லை. மனித வாடையே இல்லாத அந்த அமைதியான பள்ளத்தாக்கில் ஹாரன் ஒரு பாறையில் முட்டி அடுத்த பாறைக்குப் போய், எதிர்ப் பாறையிலிருந்து திரும்பி வந்தது. நூறு வேன்கள் ஒரே கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. கீழே நான்கு பெண்களும் கேமரா முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கியதும்தான் நின்றது. ஹாரனோடு ஹீட்டரும் நின்றது.

அந்த நிசப்தத்தில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க! வெளிச்சம் வந்துடுச்சு! பேட்டரி கொண்டாங்க!"

மிச்சம் இருந்த பத்தையும் குல்லாயில் போட்டுக்கொண்டு இறங்கினார். நோட்டை வேனிலேயே மறந்துவிட்டார் என்றால் அவர் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

"நான் கெடுத்துட்டேன்மா" என்றார். "நல்லது, தீர்ந்தது எல்லாம் ஒண்ணாக் கலந்துடுச்சு. கீழே வேற போட்டேன், நனைஞ்சும் போச்சு. எது வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமா காத்திருந்த, என்னைப் போய் நம்பி..."

அவள் அவரைப் பார்த்தாள். தலைமுடி கலைந்து, பனியன் வெளியே தொங்கி, ஒரு கால் சாக்ஸ் இறங்கி, கையில் குல்லாயை ஏந்திக்கொண்டு நின்ற அந்த மனுஷரைப் பார்த்தாள். கோபமே வரவில்லை.

"ஏதாவது நாலு கொடுங்க. உங்க கையால கொடுங்க, போதும்."

கண்ணை மூடிக்கொண்டு நான்கு பேருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கையெழுத்து வாங்காமல் ஒரு பொருளைக் கொடுத்தார். நான்கு பேரும் வழக்கம்போல் முதுகைக் காட்டித் திரும்பி மாட்டினார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டார்.

கிளிக்.

ஒரு கண்ணைத் திறந்தார். கிளிக், கிளிக். நான்கு பக்கமிருந்தும் சடசடவென்று சத்தம். பிளவுக்குள் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்து மணல் வரைக்கும் பாறை முழுக்கத் தணல் மாதிரிச் சிவந்தது. அவர் மனைவி முக்காலியின் பின்னால் குனிந்து, வாய் திறந்தபடி, சின்னப் பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவர் பாறையைப் பார்க்கவில்லை. பத்து நிமிஷமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் போனதும் அவள் ஓடி வந்து கேமராவின் சின்னத் திரையைக் காட்டினாள். "பாருங்களேன்! ஃபிரிட்ஜ் படத்தை விட நல்லா வந்திருக்கு, இல்ல?"

"ரொம்ப நன்றிம்மா" என்றார் அவர்.

"எதுக்கு? படம் எடுத்ததுக்கா?"

"நாலரை மணிக்கு எழுந்ததுக்கு."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சட்டென்று திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாழாப் போன குளிரு" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைப் படம் பிடிக்க டாக்டரம்மாவையும் நர்ஸையும் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட்டாள்.

வேனில் கடைக்காரப் பெண் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒயர்களோடு மல்லாடிக்கொண்டிருந்த டிரைவர், இடுக்கில் விழுந்த இரண்டையும் எடுத்து வைத்திருந்தார். பன்னிரண்டும் சரியாக இருந்தது. ஸ்டோர்காரருக்கு உலகத்தில் எல்லார்மேலும் பாசம் பொங்கியது.

"உங்க எல்லாருக்கும்தான்மா நான் நன்றி சொல்லணும். டிரைவர் தம்பிக்கும் சேர்த்துத்தான். ரிடையர் ஆனதும், இனிமே நாம எதுக்குன்னு நினைச்சுட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தீர்ந்துபோன பேட்டரி, கீழே விழுந்து, குளிர்ல விறைச்சு, வேர்வையில நனைஞ்சும் ஓடியிருக்குன்னா அதுக்குக் காரணம் என்ன?"

"என்னண்ணா காரணம்?"

"என் உடம்புச் சூடு!" என்று வயிற்றைத் தட்டினார். "அடுத்த குளிர்காலத்துக்குப் பனிமலைக்குப் போறோம், நானே சொல்லப் போறேன் அவகிட்ட. இருபத்திநாலு பேட்டரி கொண்டா. புதுசுகூட வேண்டாம். செத்துப்போனதாப் பார்த்துக் கொடு. நான் உயிர் கொடுத்துக் காட்டறேன்."

அவளுக்கு டீ புரை ஏறியது. அவர் அவள் தலையில் தட்டிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டையும் அவள் முன்னால் அடுக்கி, நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். "எண்ணிப் பார்த்து ஒரு கையெழுத்துப் போடு."

அவள் பேனாவை வாங்கினாள். நோட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணா, இந்தப் பன்னெண்டும் என் கடையில தூக்கிப் போட வச்சிருந்த செத்த பேட்டரி. திரும்பி நின்னு நாங்க மாட்டினதெல்லாம் எங்க பாக்கெட்ல இருந்த நல்ல பேட்டரி. எட்டு மாசமா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷனைக் கிளப்ப வேற வழி தெரியலைன்னு அக்காதான் வந்து அழுது வாங்கிட்டுப் போனாங்க."