கட்டிலுக்கடியில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர்

கூச்ச சுபாவமுள்ளவன் பொய் சொல்ல மாட்டான் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. அவனாகச் சொல்ல மாட்டான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் அவனைப் பற்றி ஒரு பொய்யை எடுத்து விட்டால், அதை மறுக்கவும் மாட்டான். மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! இப்படித்தான் நான் ஒரு விஜயதசமியன்று, காப்பி நேரத்தில், கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆனேன்.

அப்போது தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிப்பு. அட்டைப்பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றுவது, வாங்கியவர் வீட்டு மாடிக்குச் சுமப்பது, எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று பார்த்துச் செருகுவது, இவையெல்லாம் என் இலாகா. விண்டோஸ் போடவும் தெரியும். ('நெக்ஸ்ட்' என்று வருவதையெல்லாம் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.)

எனக்குப் பெண் தேடியது அக்கா. முன்பு பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. போன இடத்திலெல்லாம் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது புகார். ("பையனுக்குக் கழுத்துல வல்ல கோளாறும் உண்டுமா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம்.) மூன்றாவது இடம், சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவருடைய வீடு. பெண் பெயர் வசந்தி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

அந்த வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர் வசந்தியின் அண்ணன். அவர் துபாயில் இருந்தார். பெண் பார்க்கும் நேரத்தில் அவர் லேப்டாப் வழியாக என் முகத்தைப் பார்த்து, சரி அல்லது வேண்டாம் என்று சொல்வார். கையில் இருக்கும் போனிலேயே முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் அன்று கிடையாது. அவருக்கு டீ குடிக்க விடும் சிறிய இடைவேளைதான் நேரம். அது தவறினால், வரும் ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து சர்க்கார் வேலைக்காரர் ஒருவர் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சர்க்கார் வேலைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்?

வசந்தி காப்பி கொண்டுவந்தாள். வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். அவள் தட்டை நீட்டி, "சார், காப்பி தரையில இல்ல. இங்க இருக்கு" என்றாள். நிமிர்ந்தேன். அவ்வளவுதான், மார்த்தாண்டத்துக்காரர் மேல் எனக்குப் பயங்கரமான பகை உண்டாகிவிட்டது.

பூஜைக்கு வைத்திருந்த லேப்டாப்பை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். திறந்தால் நெட் இல்லை. "ரெண்டு நாள் முன்ன வர ஒரு கொழப்பமும் இல்லாம இருந்துதே" என்றார் வசந்தியின் அப்பா. அங்கேதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அதுக்கு எதுக்கு மாமா வெசனப்படுதீங்க? தம்பி கம்ப்யூட்டர் இன்ஜினியராக்கும். ஒரு நிமிசத்துல செரியாக்கித் தருவான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பலகாரத் தட்டைப் பார்த்தாள்.

லேப்டாப் என் முன்னால் வந்தது. மூடியின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். முதல் வேலையாக ஸ்டார்ட் பட்டனைத் தேடினேன். திரையில் அது வழக்கமாக இருக்கும் மூலையில் இல்லை. மற்ற மூலைகளிலும் இல்லை.

"இது லினக்ஸ் சார். எங்க ஸ்கூல்ல இதுதான் படிப்பிக்கிறோம்" என்றாள் வசந்தி.

"தெரியும்" என்றேன். (லினக்ஸ் என்ற பெயரை எங்கள் கடையில் ஒரு முறை கேட்டிருக்கிறேன். முதலாளி அதைச் சொன்ன விதத்தில், ஏதோ ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று நினைத்திருந்தேன்.)

இன்ஜினியர் என்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதாவது அடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். "அந்தக் கறுப்பு எடுங்க" என்றேன். அவள் எடுத்துக் கொடுத்து, ஒரு வரி அடித்து, பாஸ்வேர்டைக் காதோடு சொல்லிவிட்டு நகர்ந்தாள். நான் அடித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. மிக ஆழமாக யோசிப்பதுபோல் கன்னத்தைச் சொறிந்துவிட்டு அறிவித்தேன்:

"கீபோர்டு போச்சு."

வசந்தியின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, புதுசாக்கும்!"

"இல்லம்மா, ஒண்ணும் போகல்ல. இதுல பாஸ்வேர்டு அடிச்சா வெளிய காட்டாது. அது அப்படித்தான்" என்றாள் வசந்தி. என்னைப் பார்த்து, "சாருக்கு அறியாம இருக்குமா? நம்மள டெஸ்ட் பண்ணுறாரு" என்றாள். அவள் உதட்டோரம் துடித்தது. அதன்பின் திரையில் வரிசையாக இங்கிலீஷ் ஓடியது. நான் ஒவ்வொரு வரிக்கும் "ம்" போட்டேன். ராமாயணம் கேட்பவர்கூட அத்தனை "ம்" போட்டிருக்க மாட்டார். கடைசி வரியில் வைஃபை இல்லை என்று இருந்ததாம். அதையும் அவள்தான் சொன்னாள். அதற்கும் "ம்" போட்டேன்.

போன் அடித்தது. துபாய் அண்ணன். அப்பா பேசினார்: "ஆமடே, வந்தாச்சு. நெட்டு கிட்டல்ல. நீ வெச்சுட்டுப் போகாத, மாப்பிள்ள நோக்கிட்டிருக்காரு. வல்லிய இன்ஜினியராக்கும்."

வைஃபை இல்லாவிட்டால் வயர் இருக்கிறதே! வயர் என் சொந்த ஊர் மாதிரி. மோடம் எதிர்ச் சுவரோரம் கட்டிலுக்கடியில் இருந்தது. அதிலிருந்து வயரை இழுத்துவந்து லேப்டாப்பின் பக்கவாட்டு ஓட்டையில் செருகினேன். போகவில்லை. அழுத்தினேன். போகவில்லை. முட்டுக்கொடுத்து அழுத்தியபோது லேப்டாப்தான் நகர்ந்து அக்காவின் முறுக்குத் தட்டில் போய் இடித்தது.

"இந்த மாடலுக்கு உள்ள வயர் இல்ல இது" என்றேன்.

"இதே வயருலதான் போன மாசம் போட்டோம்" என்றாள் வசந்தி.

இனி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வைத்தியம். அணைத்துவிட்டு மறுபடி போடுவது. "மோடத்துலதான் பிரச்சனை" என்று சொல்லி, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கடியில் நுழைந்தேன். உள்ளே ஒரு வெண்கல உருளி, பழைய கடைத் தராசு, தேங்காய்கள், அத்தனைக்கும் மேல் தலைமுறை தலைமுறையாக யாரும் தொந்தரவு செய்யாத தூசி. இடுப்பு வரை உள்ளே போனேன். மீதி நான் வெளியே இருந்தேன்.

அப்பா கட்டிலோரம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உள்ளதச் சொல்லணும். இது செரியாவுமா? பையனுக்கு டீ டைம் இப்பம் தீரும்."

அங்கே ஒரு விசேஷம் நடந்தது. கட்டிலுக்கடியில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. யாரும் என் முகத்தையும் பார்க்க முடியாது. பிறந்ததிலிருந்து எனக்கு வராத தைரியம், தேங்காய்களுக்கு நடுவில் வந்தது.

"மாமா, நான் இன்ஜினியர் இல்ல" என்றேன் சத்தமாக. "பத்தாங்கிளாசு. கடையில பெட்டி தூக்குறேன். அக்கா சொன்னப்பம் எனக்கு வாயி வரல்ல. லினக்சும் அறியாது, ஒரு மண்ணும் அறியாது. ஆனா வசந்திய எனக்குப் பிடிச்சிருக்கு. மார்த்தாண்டத்துக்காரர வரண்டாம்னு சொல்லிருங்கோ."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஓர் ஆண் குரல், கொஞ்சம் தகரம் கலந்து, கணீரென்று கேட்டது:

"அம்மா, அந்தக் கட்டிலுக்கடியில கெடக்குறது ஆராக்கும்? எலக்ட்ரீசியனா?"

நடந்தது இதுதான். வயர் ஏன் போகவில்லை என்று வசந்தி அந்த ஓட்டையை உற்றுப் பார்த்திருக்கிறாள். அதற்குள் சந்தனம். கடைத் தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைக்கும் பக்தியோடு, அவள் அம்மா லேப்டாப்பின் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொட்டு அப்பியிருக்கிறார். ("கண்ணு மூக்கு போல இருந்துது, விட மனசு வரல்ல" என்று பிறகு விளக்கம் சொன்னார்.) முன்விளிம்பில் வைஃபைக்கு ஒரு குட்டித் தள்ளு சுவிட்ச் உண்டு. அதற்கும் பொட்டு. வைத்த விரல் சுவிட்சைத் தள்ளி அணைத்துவிட்டது. சந்தனம் அதன்மேல் சிமென்ட் போல இறுகிவிட்டது. வசந்தி சேலை ஊக்கைக் கழற்றிச் சுரண்டி, சுவிட்சைத் தள்ளியிருக்கிறாள். நீல விளக்கு எரிந்திருக்கிறது. என் வாக்குமூலம் தொடங்கிய நேரத்தில் அண்ணன் திரையில் வந்துவிட்டார். வசந்தி சுரண்டுவதற்காகத் திருப்பிய லேப்டாப்பின் கேமரா நேராகக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, வெளியே மீதி இருந்த என்னை.

"மாப்பிள்ளையாக்கும்" என்றாள் அக்கா, ஈனஸ்வரத்தில்.

பதறி எழுந்தேன். தலை கட்டில் சட்டத்தில் மோதியது. உருளி முழங்கியது. பிடிமானத்துக்கு எதையோ பற்றினேன். அது மோடத்தின் சுவிட்ச். நான் தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து, கைகூப்பி, வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரை நேருக்கு நேர் பார்த்துப் புன்னகைத்தபோது திரையில் அண்ணன் இல்லை. மோடம் உயிர்பெறுவதற்குள் துபாயில் டீ நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது அக்கா ஆட்டோவில் என் தலை ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள். நான் மனதுக்குள் மார்த்தாண்டத்துக்காரரைச் செல்வச் செழிப்போடு நீடூழி வாழ வாழ்த்த முயன்று தோற்றேன்.

அன்று இரவு வசந்தியின் அப்பா போன் செய்தார். அண்ணன் சரி சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டேன். "அம்மா தூத்து வாராத அந்தக் கட்டிலுக்கடியில நம்ம வீட்டு ஆளு ஆரும் போகமாட்டோம். அதுல கேறினவன் வசந்திக்காக எதுலயும் கேறுவான்" என்றாராம். (இதற்காக வசந்தியின் அம்மா தன் மகனோடு ஒரு மாதம் பேசவில்லை.) வசந்தி என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே போனை வாங்கி, "சார், ஞாயிற்றுக்கிழமை ஆரும் வரமாட்டாங்க" என்றாள்.

கல்யாணத்தன்று அண்ணன் விமானத்திலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்தார். வாசலில் மாலையும் கழுத்துமாய் நின்ற என்னிடமே வந்து, "மாப்பிள்ளை எங்க நிக்காரு?" என்று கேட்டார். எனக்குக் கூச்சம். உள்ளே கையைக் காட்டினேன். அவரும் போய்த் தேடிவிட்டு வந்தார். அதற்குள் நான் மாமாவின் காலில் விழுந்து கும்பிடக் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"ஆங்! இவர எனக்குத் தெரியுமே!"

இன்றும் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசற்படியில் நின்று, "மாப்ளே, ஒண்ணு திரும்பி நில்லுங்கோ. ஆளு மாறிப்போச்சான்னு நோக்கட்டும்" என்கிறார். நான் மறுக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். பிறகு திரும்பி நிற்கிறேன்.