அக்காவுக்கு ஏழு சதவீதம்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு, உன்னிடம் அன்பையும் குட்டுகளையும் சரிசமமாக வாங்கி வளர்ந்த தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். அங்கே உன் நலம் எப்படி என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் அடுத்த வரிக்குப் போய்விட முடியாது. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். நான்கு வாரமாக என் குரலைக் கேட்டதும் நீ போனை வைத்துவிடுவதால் காகிதத்தில் எழுதுகிறேன். அத்தான் வாசித்துக் காட்டுவார். செய்தித்தாளையே கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற மனிதர், இதையாவது முதலிலிருந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் தண்ணீர் மோட்டாருக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் விளக்கப் புத்தகம் எழுதியவன் நான். ஒருவரும் படித்ததில்லை. நீயே பெட்டியைப் பிரித்ததும் என் புத்தகத்தை மடித்து மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்தவள்தான். இப்போதைய கம்பெனியில் வேலை வேறு. உலகத்தில் சில சந்தைகள் இருக்கின்றன. அங்கே சரக்கு கிடையாது, கேள்விதான். 'நாளை மழை வருமா?' என்று ஒரு கேள்வி போட்டால், வரும் என்பவர்களும் வராது என்பவர்களும் பந்தயம் கட்டுவார்கள், அதை வைத்து நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று ஓர் எண் வரும். அந்த எண்களைத் திரட்டி, மனிதருக்குப் பதிலாக வேலை பார்க்கிற செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்கிற கருவி எங்களுடையது. அதை எப்படிக் கேட்பது, வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று அந்த ஏஜென்ட்டுகளுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. அக்கா, நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் என் வாழ்க்கையிலேயே இப்போதுதான் கிடைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குறிப்பில் ஒரு மாதிரிக் கேள்வியும் மாதிரிப் பதிலும் வேண்டும். அதை எழுதிய அன்று காலையில்தான் அத்தான் போன் செய்திருந்தார். கதவில் மாட்டியிருந்த கோட்டை அவர் என்று நினைத்து நீ ஐந்து நிமிடம் திட்டினாயாம். "கோட்டு நல்லாத்தான் பொறுத்துக்கிச்சு மாப்ள. ஆனா எனக்குப் பயமா இருக்கு. ஆபரேஷன்னு வாயெடுத்தாலே எழுந்து போயிடுறா" என்றார். நீ சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் உன் பையை உரசிக்கொண்டு போனதையும் சொன்னார். அதே நினைப்பில் என் கை தானாக எழுதிவிட்டது: 'கேள்வி: இந்த ஆண்டுக்குள் அக்கா கண்புரை ஆபரேஷனுக்குச் சம்மதிப்பாரா? ஆம்: 7 சதவீதம். காரணம்: பிடிவாதம்.' ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. அதுவரை நீ ஏழு முறை மறுத்திருந்தாய், அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து எண் வராத நேரங்களில் ஏஜென்ட்டுகள் என் மாதிரிப் பதிலையே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தன. ஒரு குடைக் கம்பெனி மழை வருமா என்று கேட்டதற்கு, 'ஏழு சதவீதம், காரணம் அக்காவின் பிடிவாதம்' என்று பதில் போயிருக்கிறது. இந்த அக்காவை நேரில் சந்திக்க முடியுமா என்று அவர்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டு எழுதினார்கள். நான் பதறிப்போய், 'இது மாதிரி மட்டுமே. அக்காவுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை' என்று ஓர் எச்சரிக்கை சேர்த்தேன். மறுநாளிலிருந்து கப்பல், கோதுமை, கால்பந்து என்று எதைக் கேட்டாலும் பதிலின் முடிவில் 'இதில் அக்காவுக்குச் சம்பந்தமில்லை' என்று வந்தது. மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டார்.

இதற்கிடையில் உன் மகள், அம்மாவின் ஆபரேஷனுக்கு எப்போது தேதி கேட்கலாம் என்று தன் போனில் எங்கள் கருவியோடு வேலை பார்க்கிற ஏஜென்ட்டிடம் கேட்க, மற்ற எல்லோருக்கும் தப்பாகப் போன பதில் அவளுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவளும் அதை உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டாள். 'அக்கா' என்றதுமே அது என் கைவேலை என்று கண்டுபிடித்து நீ எனக்குப் போன் போட்டாய். "என்னைச் சந்தையில நிக்க வச்சு விலை சொல்றியாடா? அதுவும் ஏழா? கணக்குப் பரீட்சையில நீ வாங்குன மார்க்குடா அது!" அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஆகவே மன்னிப்பு. ஏழு என்பது பொய். எந்தச் சந்தையும் அப்படிச் சொல்லவில்லை, எவரும் பந்தயம் கட்டவில்லை, நானாக இட்டுக்கட்டியது. இன்று காலை அதை அழித்துவிட்டேன். நீயும் மனதிலிருந்து அழித்துவிடு. ஆபரேஷனைப் பற்றி இனி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், உனக்கே தோன்றும்போது செய்துகொள். ஆனால் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நான் பிய்த்துக்கொண்டு வந்த சட்டைப் பொத்தானையெல்லாம் தைத்துக் கொடுத்தவள் நீ. இன்று ஊசியில் நூல் கோக்க அத்தானைக் கூப்பிடுகிறாய். அந்த வேன் இன்னும் ஒரு கை அகலம் தள்ளி வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் யாருக்கு எழுதுவது? பயமாக இருக்கிறது அக்கா.

அத்தானுக்கு வணக்கம், உன் மகளுக்கு ஆசி, கோட்டுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

உன் திட்டுக்கு ஏங்கும்
தம்பி

பின்குறிப்பு: அத்தான், வழக்கம்போல் இங்கிருந்துதான் படிக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்ற ஒரே நம்பிக்கையில் எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் மகள் போன் செய்தாள். அக்கா நேற்று தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, உங்களையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வலது கண்ணுக்கு அடுத்த வியாழக்கிழமை தேதி வாங்கிவிட்டாளாமே. "அந்த ஏழு பர்சென்ட்டப் பொய்யாக்காம எனக்குச் சோறு இறங்காதும்மா" என்று நர்ஸிடம் சொன்னாளாமே. அது முதலிலேயே பொய்தான் என்று தெரிந்தால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள். மகளை விட்டு மறுபடி கேட்டாலும் அதே ஏழு வரட்டும் என்று, அழித்த மாதிரியை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டேன். குடைக் கம்பெனி பொறுத்துக்கொள்ளட்டும். அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இடது கண்ணுக்குத் தம்பி மூன்று சதவீதம் போட்டிருக்கிறான்.