கெண்டைக்கால் காட்டிக்கொடுக்கும்

அந்த அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார் தசை வாத்தியார். மருத்துவமனையில் நோயாளிகளின் உடம்பில் ஒயர் ஒட்டி, எந்தத் தசை எப்போது துடிக்கிறது என்று திரையில் பார்ப்பவர். பட்டப்பெயர் அங்கே கிடைத்தது. அங்கே கழித்துக்கட்டிய பழைய இயந்திரங்களெல்லாம் வீட்டுக்கு வந்து அந்த அறையை அடைத்துக்கொண்டிருந்தன. மனைவியோ கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, முட்டி இடிக்க இடிக்க, ஊராருக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினுக்கு அந்த அறை வேண்டும் என்று தினமும் சண்டை.

“பேச்சு வேண்டாம், போட்டி வெச்சுக்கலாம்,” என்றார் வாத்தியார். “மேசைமேல இந்த ஸ்பூன். நீ எப்ப வேணா எடு. அதுக்குள்ள நான் கையால மூடிட்டா அறை எனக்கு.”

“நாள் முழுக்கக் கத்திரிக்கோல் ஓட்டுற கைங்க இது.”

“சும்மா ஒத்திகை பார்ப்போமா?”

ஒத்திகையில் அவள் தோற்றாள். திரும்பத் திரும்பத் தோற்றாள். அவள் கை கிளம்புவதற்குள் அவர் உள்ளங்கை ஸ்பூன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

“எப்படிங்க?”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தசையைப் பற்றி ஒருவர் கேட்டு அவர் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

“கைக்கு முன்னாடி கால் தயாராயிடும். வெடுக்குன்னு கையை நீட்டினா உடம்பு தடுமாறும் இல்லையா? மூளைக்கு அது முன்கூட்டியே தெரியும். கெண்டைக்காலை இறுக்கி வெச்சுட்டுத்தான் கையை அனுப்பும். நான் உன் கையைப் பார்க்கவே இல்லை.”

“நான் இறுக்கலையே! அதுவாவா இறுக்குது?”

“அதுவாத்தான்.”

தன் காலையே புதிதாக வாங்கிய சாமான் மாதிரி குனிந்து பார்த்தாள். ஒரு கையால் ஆடுசதையைத் தொட்டுக்கொண்டு மறு கையை வெடுக்கென்று நீட்டினாள்.

“அட, ஆமாங்க! மெதுவா நீட்டினா?”

“அவ்வளவா தெரியாது.”

“உட்கார்ந்திருந்தா?”

“அப்ப காலுக்கு என்ன வேலை?”

“எதுலயாவது நல்லா சாஞ்சு நின்னா?”

“சாய்மானமே தாங்கிக்கும். கால் பாட்டுக்குச் சும்மா இருக்கும். எவ்வளவு அருமையா கேள்வி கேட்கிறே!”

கல்யாணமான நாளாக அவர் பேச்சை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. வாத்தியார் நெகிழ்ந்துபோனார்.

நிஜப் போட்டி. அவள் ஒரு கையில் காபி டம்ளரோடு வந்தாள். பெருந்தன்மையாக நைட்டியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“நல்லாத் தெரியுதாங்க?”

“பிரமாதம்.”

“ஸ்ஸ்... நின்னு நின்னு இடுப்பு வலிக்குது.” மேசையை ஒட்டியிருந்த ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

கெண்டைக்குக் காத்திருக்கும் கொக்கு மாதிரி வாத்தியார் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. துளிகூட அசையவில்லை. இப்படி ஒரு சாதுவான காலை அவர் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை.

“என்ன, பயமா? எடுக்கலையா?” என்று சிரித்தபடி நிமிர்ந்தார்.

அவள் அந்த ஸ்பூனால் சர்க்கரையைக் கலக்கி, காபியில் பாதியைக் குடித்திருந்தாள்.

“உங்க மெஷினையெல்லாம் வெளியே தூக்குங்க,” என்றாள். “கெண்டைக்கால் ரெடியானதும் ஒரு குரல் குடுங்க, கதவைத் திறந்துவிடறேன்.”